புனைபெயரும் சொந்தப் பெயரும்: வாசகர் கேள்வி, நம் பதில்

போன இதழில் போகிற போக்கில் "சுஜாதாவின் சொந்தப் பெயர் ரங்கராஜன்" என்று ஒரு வரி எழுதியதுதான் தாமதம், அப்புறம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புனைபெயர் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே போகட்டும். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரங்கராஜன் என்ற பெயரில் என்ன குறை கண்டார் சுஜாதா? எதற்காக மனைவி பெயருக்குள் போய் ஒளிந்துகொண்டார்?
(வாசகர், ஸ்ரீரங்கம்)

குறை ஒன்றும் இல்லை, நெரிசல்தான். அவர் குமுதத்துக்கு எழுத ஆரம்பித்தபோது அங்கே ரா.கி. ரங்கராஜன் ஏற்கனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். இன்னொரு ரங்கராஜனும் அதே பத்திரிகையில் கதை எழுதினால் யாருக்கு வந்த கடிதம் யாருக்குப் போகும்? அதனால் மனைவியின் பெயர். ஒளிந்துகொள்கிற உத்தேசமெல்லாம் அதில் கிடையாது.

உங்கள் ஊரிலிருந்து இன்னொரு ரங்கராஜனும் வந்தார், டி.எஸ். ரங்கராஜன். சின்ன வயதில் படம் வரைவார். ஆனந்த விகடன் ஓவியர் மாலி மாதிரி பெரிய ஆளாக வரவேண்டும் என்று ஒரு பள்ளித் தோழர் அவருக்கு 'வாலி' என்று பெயர் வைத்தார். கடைசியில் தூரிகை போய்விட்டது, பெயர் மட்டும் நின்று சினிமாப் பாட்டுக்குப் பயன்பட்டது. இந்த மூன்று ரங்கராஜன்களில் சொந்தப் பெயரிலேயே புகழ் பெற்றவர் ரா.கி.ர. ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள், அவருக்குத்தான் புனைபெயர்கள் அதிகம். நகைச்சுவைக்கு ஹம்சா, சரித்திரக் கதைக்கு மோகினி, திகிலுக்கு கிருஷ்ணகுமார், சினிமாத் துணுக்குகளுக்கு 'லைட்ஸ் ஆன்' வினோத்... இன்னும் உண்டு.

ஒரே ஆளுக்கு எதற்கு சார் இத்தனை பெயர்? ஏமாற்று வேலை இல்லையா?
(வாசகர், நாகர்கோவில்)

பாதி காரணம் வெறும் பத்திரிகை ஆபீஸ் சங்கதி. நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரு வாரப் பத்திரிகையை நிரப்பவேண்டும். தொடர்கதையும் அதே ஆள், சிரிப்புக் கட்டுரையும் அதே ஆள், விமர்சனமும் அதே ஆள் என்றால் புரட்டிப் பார்ப்பவர் "இங்கே வேறு யாருமே வேலை செய்யவில்லையா" என்று கேட்பார். கல்கி விகடனில் இருந்தபோது 'ஆடல் பாடல்' பகுதியில் சங்கீத விமர்சனத்துக்கு 'கர்நாடகம்' என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கர்நாடகத்துக்கு வித்வான்கள் பயந்தார்கள், ரசிகர்கள் காத்திருந்தார்கள். ('கல்கி' என்பதே திரு.வி. கல்யாணசுந்தரத்தின் பெயரும் கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்தது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அவதாரப் பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது.)

மீதிப் பாதிதான் விஷயம். ஒரு பெயரை அட்டையில் பார்த்ததும் உள்ளே என்ன கிடைக்கும் என்று வாசகருக்கு ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது. அதை உடைக்க விரும்பாத எழுத்தாளர் வேறு பெயரை எடுத்துக்கொள்கிறார். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஸ்ரீவேணுகோபாலன். ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் உற்சவ மூர்த்தியைப் படையெடுப்புக்குத் தப்பி ஊர் ஊராக எடுத்துச் சென்ற கதையை உருகி உருகி எழுதியவர். அதே மனிதர்தான் புஷ்பா தங்கதுரை என்ற பெயரில், வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் படாமல் பாயடியில் வைத்துப் படிக்கிற கதைகளையும் எழுதினார். இரண்டு தரப்பு வாசகர்களும் பத்திரமாகப் பிரிந்தே இருந்தார்கள். கோயில் கதை படிக்க உட்கார்ந்த மாமிக்கு அதிர்ச்சி இல்லை, மசாலா கேட்டு வந்த இளைஞருக்கு ஏமாற்றமும் இல்லை. இதில் யாரை ஏமாற்றினார் சொல்லுங்கள்? என்னைக் கேட்டால் இரண்டையும் ஒரே பெயரில் போட்டிருந்தால்தான் ஏமாற்று.

இன்னும் நுட்பமாகச் செய்தவர்களும் உண்டு. சுந்தர ராமசாமி உரைநடையைத் தன் பெயரில் எழுதினார், கவிதைக்கு மட்டும் 'பசுவய்யா' ஆனார். ந. பிச்சமூர்த்திக்கு 'பிக்ஷு' என்றும் 'ரேவதி' என்றும் பெயர்கள். டி.கே. துரைசாமி தமிழில் நகுலன், ஆங்கிலக் கவிதைகளுக்குச் சொந்தப் பெயர். பெயரை மாற்றினால் கை வேறு மாதிரி ஓடும் போலிருக்கிறது. சொ. விருத்தாசலம் ஏற்கனவே 'புதுமைப்பித்தன்' ஆன பிறகு, கவிதை எழுத 'வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை' என்று இன்னொரு ஆளாக மாறினார். இனிஷியல், ஊர், சாதிப் பட்டம் எல்லாம் வைத்து அசல் மனிதர் மாதிரி ஒரு புனைபெயர்! அந்தக் குறும்பை வேறு யாரும் அவ்வளவு அழகாகச் செய்யவில்லை.

புனைபெயரில் ஒளிந்துகொண்டு மற்றவர்களைத் திட்டுவது கோழைத்தனம்தானே?
(வாசகி, தஞ்சாவூர்)

எதைத் திட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 'ரசமட்டம்' என்று ஒருவர் கல்கியின் எழுத்துகள் தழுவல், இன்ன இன்ன ஆங்கிலக் கதைகளிலிருந்து வந்தவை என்று போட்டுத் தாக்கினார். அந்த ரசமட்டம் நம் புதுமைப்பித்தன்தான். காரசாரமான சண்டை. ஆனால் அதில் சொன்ன குற்றச்சாட்டை எவரும் புத்தகத்தை எடுத்து வைத்துச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். எழுதியவர் யார் என்பது பத்திரிகை உலகத்துக்கு ரகசியமாகவும் இருக்கவில்லை. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒருவரின் குடும்பத்தை, சாதியை, உடம்பை இழுத்து எழுதிவிட்டு, பதில் சொல்ல வேண்டிய நேரத்தில் "அது நான் இல்லை" என்று நகர்கிறவர்களுக்கு வேறு பெயர் இருக்கிறது, அதை அச்சில் போட ஆசிரியர் விடமாட்டார்.

செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் புனைபெயர்கள்தானே? அப்படியானால் புனைபெயர் சங்க காலத்திலேயே இருந்தது என்று சொல்லலாமா?
(தமிழாசிரியர், திருநெல்வேலி)

ஐயா, ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது. புனைபெயர் என்றால் தானே வைத்துக்கொண்டதாக, அல்லது குறைந்தபட்சம் தான் ஒப்புக்கொண்டதாக இருக்கவேண்டும். இவர்களோ பெயரே தெரியாமல் போன புலவர்கள். தொகுத்தவர்கள் பாட்டிலிருந்தே ஒரு நல்ல தொடரை எடுத்துப் பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகையில் 40ஆவது பாட்டு செம்புலப் பெயல்நீர், அடுத்த 41ஆவது அணில் ஆடும் முன்றில், இப்படி அடுத்தடுத்தே வருகிறார்கள். குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார் என்று அந்த வரிசை நீளும். புறநானூறு 243இல் ஒரு கிழவர் கோல் ஊன்றிக்கொண்டு, மடுவில் குதித்து விளையாடிய தன் இளமையை நினைத்துப் பார்க்கிறார். அவருக்குப் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார், அதாவது அந்தக் கோலே பெயராகிவிட்டது. இவர்களில் யாரும் "எனக்கு இந்தப் பெயர் வேண்டும்" என்று கேட்கவில்லை. இருந்தாலும் இன்றைக்குப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளும் கவிஞர்கள் ஒருமுறை அந்தப் பட்டியலைப் படிக்கலாம், எல்லாம் எவ்வளவு சாதாரணச் சொற்கள் என்று தெரியும்.

தாசன் தாசன் என்று ஏன் இத்தனை கவிஞர்கள்?
(வாசகர், காரைக்குடி)

இதை ஆரம்பித்து வைத்தவர்களில் பாரதியே ஒருவர். இளம் வயதில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லிமேல் பைத்தியம் பிடித்து 'ஷெல்லிதாசன்' என்று எழுதினார். ('பாரதி' எட்டயபுரத்தில் கிடைத்த பட்டம், அது வேறு கணக்கு. காளிதாசன், சாவித்திரி என்றெல்லாமும் எழுதியிருக்கிறார்.) அவருக்குப் புதுச்சேரியில் ஒரு தாசன் கிடைத்தார், பிரெஞ்சு அரசுப் பள்ளி ஆசிரியர் கனகசுப்புரத்தினம், பாரதிதாசன் ஆனார். அவருக்கு ஒரு தாசன் வேண்டாமா? ராஜகோபாலன் என்ற இளைஞர் சுப்புரத்தினதாசன் என்று வைத்துக்கொண்டு, அது வாயில் நுழையாததால் சுருக்கிச் 'சுரதா' ஆனார். ஆக ஷெல்லிக்குத் தாசன் பாரதி, பாரதிக்குத் தாசன் சுப்புரத்தினம், சுப்புரத்தினத்துக்குத் தாசன் சுரதா. இங்கிலாந்தில் பிறந்த ஷெல்லிக்குத் தமிழ்நாட்டில் இப்படி ஒரு வம்சாவளி! பாரதிதாசன் பிற்பாடு சுயமரியாதை இயக்கத்துக்குப் போய், கொள்கையில் பாரதியிடமிருந்து நிறைய விலகிய பிறகும் அந்தப் பெயரை விடவே இல்லை. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

உங்கள் ஊர்ப்பக்கத்து முத்தையா கண்ணதாசன் ஆனதும் இந்த வகைதான், என்ன, கடவுளுக்குத் தாசன். உரைநடைக்காரர்களில் இதைவிட அழகான ஒன்று உண்டு. கு.ப. ராஜகோபாலன் சில சமயம் 'கரிச்சான்' என்ற பெயரில் எழுதுவார். அவர் மேல் பக்தி கொண்ட நாராயணசாமி தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'கரிச்சான் குஞ்சு'. தாசன் என்று சொல்லாமலே தாசன்.

ஆண்கள் பெண் பெயரில் எழுதுகிறார்கள். பெண்கள் ஏன் ஆண் பெயரில் எழுதுவதில்லை?
(வாசகி, மதுரை)

எழுதியிருக்கிறார்கள், இங்கிலாந்தில். ஜார்ஜ் எலியட் ஒரு பெண். பிராண்டே சகோதரிகள் மூவரும் பெல் என்ற குடும்பப் பெயரில் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி 1846இல் கவிதைப் புத்தகம் போட்டார்கள். பெண் எழுதியது என்றால் விமர்சகர்கள் ஒரு படி கீழே வைத்துப் படிப்பார்கள் என்ற பயம்.

நம் பக்கம் கதை வேறு. இங்கே பத்திரிகைகளுக்குப் பெண் பெயர்மேல் மோகம், ஆகவே ஆண்கள்தான் அந்தப் பக்கம் போனார்கள். மனைவிமேல் உள்ள பிரியத்தால் வைத்துக்கொண்டால் சரி, பார்த்தசாரதி கூட மனைவி இந்திராவை முன்னால் நிறுத்தி இந்திரா பார்த்தசாரதி ஆனார். ஆனால் ஒரு ஆண் பெண் பெயரை வைத்துக்கொண்டு 'தோழிகளே' என்று கூப்பிட்டு அந்தரங்க ஆலோசனை சொல்வது எனக்குப் பிடிக்காது, அங்கே வாசகி நம்பி எழுதுவதே எதிரில் இருப்பவர் பெண் என்பதால்தான்.

பெண்கள் புனைபெயர் வைத்துக்கொண்டபோது இன்னொரு பெண் பெயரையே வைத்துக்கொண்டார்கள். மருத்துவம் படித்துக்கொண்டே விகடனில் எழுதிய திரிபுரசுந்தரி 'லக்ஷ்மி' ஆனார். சி.எஸ். லக்ஷ்மி 'அம்பை' ஆனார், ஆராய்ச்சி எழுத்துக்குச் சொந்தப் பெயர், கதைக்கு அம்பை. விளையாட்டாகப் பெயர் மாற்றியவர்களைப் பற்றியே இதுவரை பேசிக்கொண்டிருந்தோம், சல்மா அப்படி இல்லை. துவரங்குறிச்சியில், பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருக்கவேண்டிய வயதில் எழுத ஆரம்பித்து, கல்யாணத்துக்குப் பிறகு புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து எழுதி வெளியே அனுப்பிய கவிதைகளுக்கு வேறு பெயர் இல்லாமல் முடியாது. அங்கே அந்தப் பெயர் அலங்காரம் இல்லை, அது இல்லாவிட்டால் கவிதையே இல்லை. பிற்பாடு பேரூராட்சித் தலைவராகி அரசியலுக்கு வந்து, ஒளிய வேண்டிய தேவை தீர்ந்த பிறகும் வாசகர்களுக்கு அவர் சல்மாதான்.

எண் கணிதப்படி புனைபெயர் வைத்தால் புகழ் வருமா?
(வாசகர், ஈரோடு)

திரிகோணமலையிலிருந்து வந்த தருமு சிவராம், அதாவது பிரமிள், எண் கணிதத்தை நம்பிப் பெயரைப் பலமுறை மாற்றிக்கொண்டே இருந்தார். எந்தப் பெயரில் வந்தாலும் கவிதை நன்றாக இருந்தது. பணம் எந்தப் பெயரிலும் வரவில்லை.

உங்கள் சொந்தப் பெயர் என்ன?
(வாசகர், சேலம்)

குமுதத்தில் 'அரசு' பதில்கள் வந்த காலத்தில் அண்ணாமலை, ரங்கராஜன், சுந்தரேசன் மூவரின் முதலெழுத்துதான் அரசு என்று வாசகர்களே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டார்கள். (அந்தச் சுந்தரேசன்தான் அம்மா பாக்கியத்தையும் அப்பா ராமசாமியையும் சேர்த்து 'பாக்கியம் ராமசாமி' என்று அப்புசாமியையும் சீதாப்பாட்டியையும் நமக்குக் கொடுத்தவர்.) நீங்களும் முயன்று பாருங்கள்.

நான் மத்திய அரசு ஊழியன். துறையில் நடக்கும் தில்லுமுல்லுகளை ஒரு புனைபெயரில் எழுதினால் என்னை ஒன்றும் செய்ய முடியாதல்லவா?
(பெயரும் ஊரும் வேண்டாம்)

முடியும். ஜாக்கிரதையாகப் படியுங்கள். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964இல் வந்தவை. அதில் 9ஆவது விதி, அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சித்து எழுதக்கூடாது என்கிறது. சொந்தப் பெயரில் எழுதினாலும், பெயரே போடாமல் எழுதினாலும், புனைபெயரில் எழுதினாலும், வேறொருவர் பெயரில் எழுதினாலும் என்று வரிசையாகச் சொல்லியே மூடிவிட்டார்கள். விதி எழுதியவருக்கு எழுத்தாளர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது! அவ்வப்போது எழுதும் கதை, கவிதை, கலை, அறிவியல் என்று இருந்தால் கவலை இல்லை, அதற்கு முன்அனுமதி தேவையில்லை என்று 15ஆவது விதி விட்டுக்கொடுக்கிறது. சுஜாதா உள்பட எத்தனையோ பேர் அரசாங்க, பொதுத்துறை வேலையில் இருந்துகொண்டே கதை எழுதியவர்கள்தான். மாநில அரசு ஊழியர்களுக்குத் தனி விதிகள் உண்டு, அவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளவும்.

முறைகேடு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு, உரிய இடத்தில் புகாராகக் கொடுங்கள். எழுத்து நடை காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் குறிப்பாணையைப் படித்துப் பழகிய மேலதிகாரிக்கு உங்கள் வாக்கியம் தெரியாதா?

புனைபெயர் ரகசியம் எவ்வளவு நாள் தாங்கும்?
(வாசகர், கோயம்புத்தூர்)

ஹாரி பாட்டர் எழுதிய ரௌலிங் 2013இல் ராபர்ட் கால்பிரெய்த் என்ற ஆண் பெயரில் துப்பறியும் நாவல் ஒன்று போட்டார். அவருடைய வக்கீல் ஆபீஸ் வழியாகவே விஷயம் கசிந்து, சில மாதங்களில் குட்டு உடைந்தது. சுமாராக விற்றுக்கொண்டிருந்த புத்தகம் உடனே பிய்த்துக்கொண்டு போனது. எழுத்து அதேதான், பெயர்தான் மாறியது என்பதை யோசித்தால் வாசகர்களாகிய நமக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கவேண்டும்.

தாங்கிய ரகசியமும் உண்டு. பிரான்சில் கோன்கூர் பரிசை ஒருவருக்கு ஒருமுறைதான் தருவார்கள். ரொமேன் காரி 1956இல் வாங்கிவிட்டார். 1975இல் எமில் அழார் என்ற புது எழுத்தாளருக்குக் கொடுத்தார்கள், அதுவும் அவரே. சொந்தக்காரர் ஒருவரை அழாராக நடிக்க வைத்து, 1980இல் தான் இறக்கும்வரை சமாளித்துவிட்டார். பரிசுக்குழுவுக்கு உண்மை தெரிந்தபோது திட்டுவதற்கு ஆள் இல்லை.

நான் கவிதை எழுதுகிறேன். எனக்கு ஒரு நல்ல புனைபெயர் வைத்துத் தாருங்கள்.
(வாசகி, விழுப்புரம்)

முதலில் உங்கள் சொந்தப் பெயரைக் கடிதத்தில் பார்த்தேன். அருமையான பெயர், அதை ஏன் விடுகிறீர்கள்? வீட்டில் தொந்தரவு, வேலையில் சிக்கல், அதே பெயரில் ஏற்கனவே ஒருவர் எழுதுகிறார் என்பதுபோல் ஏதாவது இருந்தால் மாற்றுங்கள். எழுத்தாளர் என்றாலே புனைபெயர் வேண்டும் என்று யாரோ சொன்னதற்காக மாற்றாதீர்கள்.

மாற்றுவதாக முடிவு செய்துவிட்டால் நீங்களேதான் வைத்துக்கொள்ள வேண்டும். ரங்கநாதன் என்ற இளைஞர் திருமூலரைப் படித்து ஊறிப்போய் 'ஞானக்கூத்தன்' ஆனார், இரவல் யோசனையில் அது வந்திருக்காது. நான் சொல்லக்கூடியது சில்லறை விஷயங்கள்தான். சின்னதாக இருக்கட்டும். ஐம்பது வயதிலும் கூச்சமில்லாமல் சொல்லக்கூடியதாக இருக்கட்டும், 'நிலவின் காதலி' இருபது வயதுக்குச் சரி, அப்புறம்? வேறு யாராவது அதே பெயரில் எழுதுகிறாரா என்று இணையத்தில் தேடிவிடுங்கள். வைத்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றாதீர்கள்.

புனைபெயரை எங்கே பதிவு செய்யவேண்டும்? சன்மானக் காசோலை அந்தப் பெயரில் வந்தால் வங்கியில் வாங்குவார்களா?
(வாசகர், தூத்துக்குடி)

பதிவு எங்கும் வேண்டாம். அரசிதழில் பெயர் மாற்றம் என்பது நிரந்தரமாகப் பெயரையே மாற்றுகிறவர்களுக்கு, புனைபெயருக்கு அது தேவையில்லை.

காசோலை விஷயத்தில் கவனமாக இருங்கள். வங்கிக் கணக்கில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயருக்குத்தான் காசோலை வரவேண்டும். புனைபெயருக்கு எழுதிவிட்டால் வங்கியில் நீங்கள்தான் அந்தச் 'சூறாவளிச் செம்மல்' என்று நிரூபித்துக்கொண்டு நிற்கவேண்டும். அதனால் கதை அனுப்பும்போதே மேலே புனைபெயர், கடைசியில் தனியாகச் சொந்தப் பெயர், முகவரி, வங்கி விவரம் எழுதி, "பிரசுரத்தில் புனைபெயர் மட்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். புத்தகம் போடுகிறீர்கள் என்றால் பதிப்பாளருடன் போடும் ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும், "இன்னார் என்கிற இன்னார்" என்று.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் யாரென்றே தெரியாத புனைபெயர் நூலுக்கு, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்தான் உரிமை. அதற்குள் ஆள் யாரென்று வெளியே தெரிந்துவிட்டால், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று கணக்கு மாறிவிடும். இருபத்தைந்து வயதில் முதல் புத்தகம் போட்டு எண்பது வயது வரை இருக்கிற ஒருவருக்கு இந்த இரண்டுக்கும் நடுவே ஐம்பத்தைந்து வருட வித்தியாசம் வரும். பேரன் பேத்திகளுக்குப் பயன்படட்டும், ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை வீட்டில் யாரிடமாவது கொடுத்து வையுங்கள்.